விழியற்றோரின் வழித்துணை

"நாய் நஜீஸ்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். அந்தச் சொல், கண்ணிழந்த ஒரு முஸ்லிமைப் பள்ளிவாசல் படியிலேயே நிறுத்திவிடுமானால், பேசுவது மார்க்கச் சட்டமா, நமது அருவருப்பா என்று நிதானித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி தோன்றிற்று. நாய் இழுத்துச் செல்ல, மனிதன் பின்தொடர்கிறான் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. போகும் இடம் அறிந்தவன் மனிதன். திசை சொல்பவனும் அவனே. பள்ளம், படி, தலையில் இடிக்கும் கிளை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நாய். வண்டியோசையைச் செவியால் அளந்து அவன் 'நட' என்கிறான். வண்டி நெருங்குவதைக் கண்டால் நாய் நகர மறுத்து நின்றுவிடும். கீழ்ப்படியப் பழக்கிய பிராணிக்கு, எப்போது கீழ்ப்படியலாகாது என்பதையும் பழக்குகிறார்கள்! மனிதரில் எத்தனை ஊழியர்க்கு இந்தப் பாடம் வாய்த்திருக்கிறது?

இனிச் சட்டத்திற்கு வருவோம். நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. உலர்ந்த கை உலர்ந்த உடலில் பட்டால் அந்த மத்ஹபிலும் கழுவ வேண்டியதில்லை. ஹனஃபிகள் உடலையன்று, எச்சிலையே அசுத்தமென்பர். மாலிக்கிகளோ உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கொள்வர். ஆக, அசுத்தம் என்பது கழுவினால் தீர்வது. பழக்கிய நாய் பிடித்துத் தரும் வேட்டையைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் ஆகுமாக்கியும் இருக்கிறது.

பள்ளிக்கு அழைத்துவர ஆளில்லை என்று கண்ணிழந்த ஒருவர் விலக்குக் கேட்டபோது, பாங்கொலி கேட்கிறதா என்று வினவி, கேட்குமாயின் வரும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் உண்டு. 'நாயெதற்கு, யாரேனும் கைபிடித்து அழைத்து வரலாமே' என்பார்கள். வரலாம்தான். ஆனால் நாள்தோறும் ஐவேளையும், ஸுபுஹு உட்பட, அந்தக் கைக்காக வாசலில் காத்து நிற்பவர் அவரல்லவா?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2008-ல், பார்வையற்ற இளைஞர் ஒருவரின் நாய் தங்கியிருக்கப் பள்ளிவாசல் ஒன்று வாயிலருகே இடம் ஒதுக்கிற்று. மார்க்க அறிஞர் குழுவொன்றின் தீர்ப்பும் அதற்குத் துணைநின்றது. தொழுமிடத்திற்குள் நாய் வரவில்லை. இளைஞர் ஸஃப்பில் போய் நின்றார்.