இரும்புக்குள் தண்டு இருந்ததா?

உண்டாகும் பொருள், உண்டாவதற்கு முன்பே அதன் மூலப்பொருளில் இருந்ததா? இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு இது. இருந்தது என்பது சற்காரியவாதம். சாங்கியமும் சைவ சித்தாந்தமும் இந்தப் பக்கம். இல்லை, புதிதாகவே தோன்றுகிறது என்பது நியாய தரிசனத்தாரான நையாயிகர் கட்சி. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் பிறந்த பெண்ணாடமும், அதன் வழிநூலான சிவஞான சித்தியாரைப் பாடிய அருணந்தி சிவாச்சாரியாரின் திருத்துறையூரும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளன. அதே மாவட்டத்தில், முத்தாண்டிக்குப்பத்து முந்திரிக்காடுகளை அடுத்த நெய்வேலிச் சுரங்கங்களில் ஓடும் டம்பர், புல்டோசர்களின் டீசல் என்ஜினுக்குள் இந்த வழக்குக்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது: கிராங்க் ஷாஃப்ட் என்னும் தண்டு.

பிஸ்டனுக்கு மேலும் கீழும் போகத்தான் தெரியும். மையத்திலிருந்து விலகி நிற்கும் கிராங்க் பின்னை கனெக்டிங் ராடு தள்ளும்போது தண்டு சுழல்கிறது. அந்த விலகலின் இரு மடங்கே பிஸ்டன் ஓடும் தூரம். நான்கு வீச்சு என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தண்டைத் தள்ளும். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் மீதி நேரமெல்லாம் ஃபிளைவீலின் வேகமே அதைச் சுழற்றிச் செல்கிறது. ஒவ்வொரு தள்ளலிலும் தண்டு முறுக்கப்படுகிறது, வளைக்கப்படுகிறது. பேரிங்கில் சுழலும் ஜர்னலும் பக்கத் தகடும் சேரும் வளைவில்தான் பெரும்பாலும் முதல் விரிசல் விழும்.

இந்த முறுக்கையும் வளைப்பையும் தாங்கும் தண்டு பிறக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். எஃகுக் கட்டையை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, டைக்குள் வைத்து அடிக்கிறார்கள். எஃகின் உள்ளிழைகள் அறுபடாமல், தண்டின் வளைவுகளோடு தாமும் வளைகின்றன. இதே வடிவத்தைத் தடித்த கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தும் எடுக்கலாம். ஆனால் வளைவுகளில் இழைகள் வெட்டுப்படும். அளவில் இரண்டும் ஒன்று, உழைப்பில் ஒன்றல்ல. அடித்த பிறகு கடைதல், எண்ணெய்த் துளையிடுதல், ஜர்னலின் மேற்பரப்பைக் கடினமாக்குதல், கிரைண்டிங், எடைச் சமன் பார்த்தல் என்று வேலை தொடரும்.

கட்டையாகக் கிடந்த இரும்பு எந்த என்ஜினையும் ஓட்டவில்லை, ஆகவே தண்டு புதிய பொருள் என்பார் நையாயிகர். சித்தாந்தியின் எதிர்க்கேள்வி கூர்மையானது: புதிதென்றால் எதிலிருந்தும் வரலாமே, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து ஏன் வரவில்லை? நிலக்கரியில் அனல் உண்டு; எத்தனை டன் அழுத்தம் கொடுத்தாலும் தண்டு இல்லை.

அப்படியானால் கட்டை தானாகவே தண்டாகாதது ஏன்? குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்தம் பிரிக்கிறது. உலகுக்கு மாயை, சக்தி, சிவன் என்று அதே வரிசை. அடிக்காமல், வார்த்து எடுக்கும் கிராங்கில் இந்தப் பிரிவு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சாதாரண வார்ப்பிரும்பில் கார்பன் செதில் செதிலாகப் படிவதால் அது எளிதில் உடையும். உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் கார்பன் உருண்டையாகத் திரள்கிறது. பல கார்களின் கிராங்குக்கு அந்த உறுதி போதும். உறுதி இரும்பின் இயல்பில் அடங்கியிருந்தது, துணை வந்ததும் வெளிப்பட்டது.

நையாயிகருக்கும் ஒரு நியாயம் மிஞ்சுகிறது. கிராங்க் பின்னின் விலகல் எத்தனை மில்லிமீட்டர் என்பது எந்த இரும்பிலும் எழுதியிருக்கவில்லை. அது வரைபடத்தில் இருக்கிறது. சித்தாந்தம் இதை மறுப்பதில்லை. சடப்பொருளுக்கு அறிவில்லை, ஆகவே அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பதே கடவுளுக்கு அது காட்டும் முதன்மையான சான்று. ஒப்புமைக்கு எல்லையும் உண்டு: பொறியாளர் பிறரிடம் கற்றவர், கைகால் கொண்டு செய்பவர், இறைவனுக்கு இரண்டும் வேண்டியதில்லை என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும்.

தேய்ந்த ஜர்னலைப் பட்டறையில் 0.25 மில்லிமீட்டர் படிகளாகக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட்டு மீண்டும் ஓட்டுகிறார்கள். படிகள் தீர்ந்தால் தண்டு பழைய இரும்புக் கடைக்குப் போய், உலையில் உருகி மறுபடி எஃகாகிறது. அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குவதே என்ற மெய்கண்டார் கொள்கை, இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை நையாயிகர் வாதத்தைவிட வலுவாக நிற்கிறது.