துணை என்னும் சொல்

இல்மனைற் மணலால் பெயர்பெற்ற புல்மோட்டைக்கு நாம் ஆசிரியப் பணியேற்று வந்தபோது, மாற்றலாகிச் சென்ற நண்பரொருவர் தம் கிளியை நம்மிடம் விட்டுச் சென்றார். இளமையிலேயே சிறகு முறிந்து கோணலாகப் பொருந்திய பெண்கிளி அது. இனிப் பறக்காது. மாலையில் கடற்பக்கமிருந்து கிளிக்கூட்டம் திரும்பும் நேரம் வந்தால், கம்பியைப் பற்றிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும். அந்த ஓசையைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்க நாமும் பழகிவிட்டோம்.

சென்ற மாதம் மாணவனொருவன் ஒரு குஞ்சைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். தறித்து வீழ்த்திய பட்ட பனையின் பொந்திற் கிடந்ததாம். இறகு முளைத்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்திற் பறக்கக்கூடும்.

"சேர், இது உங்கட கிளிக்குச் சோடி."

எத்துணை எளிதான தீர்ப்பு! நம் மனமும் உடனே அதற்கு இசைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இரு கிளிகளைப் பழக்கும் முறையை அறிந்தோர் கூறுவது யாதெனில், புதியதைக் குறைந்தது 30 நாளேனும் வேறோர் அறையில் வைத்து நோயின்மையை உறுதிசெய்தல் வேண்டும் என்பதே. இது வீண் அச்சமன்று. 1929-30இல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள்வழிக் கிளிக்காய்ச்சல் பரவி, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மனிதர் பலர் மாண்டனர். அதன்பின் ஒன்றன் குரலை மற்றது கேட்கச் செய்து, பிறகு கூண்டுகளைத் தூரத்தே வைத்து முகங்காட்டி, இறுதியில் இரண்டிற்கும் உரிமையில்லாப் பொதுவிடத்தில் சந்திக்க விடவேண்டும். உணவுக் கிண்ணம் இரண்டு. முதல் உபசாரம் மூத்ததற்கு. பழையதன் கூண்டிற்குள் புதியதைத் திணிப்பவன் மறுநாள் குருதி தோய்ந்த இறகுகளைப் பொறுக்க நேரலாம். மோதிரக்கழுத்துக் கிளியினத்தில் ஆணை அடக்கி நடத்துவது பெரும்பாலும் பெண்ணே என்பதையும் நினைவிற் கொள்க.

முறை தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கையாள நமக்கு உரிமை உண்டா?

தமிழ் படித்தவன் தன் ஏட்டை நோக்காதிருக்க இயலாது. குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனங் காக்கும் மகளிர் கிளியை ஓட்டினர். பிற்காலத்தில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் கிள்ளையைத் தூது விடுத்தார். ஓரிடத்திற் பகை, ஓரிடத்தில் நட்பு. ஆயினும் இரண்டிடத்தும் அதற்குச் சிறகு உண்டு. பாட்டில் தூது அனுப்பிய பறவையை வீட்டிற் கம்பிக்குள் அடைத்தவர்கள் நாம்.

சோடி சேர்த்தால் வாய்க்கும் என்பதும் நம் கற்பனையே. கிளிக்கும் தன் விருப்பு வெறுப்பு உண்டு. ஐரீன் பெப்பர்பர்க் 1977இல் வாங்கி ஆராய்ந்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, 2007இல் இறக்கும்வரை நிறமும் வடிவும் எண்ணும் சொல்லிக் காட்டியது. பின்னர் வந்த இளங்கிளி கிரிஃபின் பாடத்திற் தடுமாறியபோது, சரியாகச் சொல் என்று குறுக்கிட்டு அதட்டியதாம். (இத்தகைய சட்டாம்பிள்ளை எந்த வகுப்பில்தான் இல்லை!) தன் இடம் இன்னதென்று அறிந்த உயிருக்கு நாம் தேர்ந்தளிக்கும் துணை, துணையாகவும் ஆகலாம், தண்டனையாகவும் ஆகலாம்.

அவ்வாறன்றி இரண்டும் இணங்கிவிட்டன என்றே கொள்வோம். அப்போதும் கணக்கு நேராகுமா? மூத்த கிளியின் தனிமை இயற்கை விதித்ததன்று. கூட்டமாய் வாழும் உயிரைப் பிரித்தெடுத்த மனிதன் ஆக்கியது. அந்தக் கடனுக்கு ஈடாகப் பறக்கவல்ல குஞ்சின் வானத்தைக் கொடுக்கத் துணிகிறோம். கொடுப்பது நம் பொருளன்று. துணை என்ற சொல் நம் குற்றத்திற்குப் போர்த்திய பட்டாடையாகிறது. இவ்வாறு எண்ணும்போதே மாலைக் கூச்சல் காதில் விழுகிறது. நியாயம் பேசுவதால் அது அடங்கிவிடவில்லை.

குஞ்சைப் பின்னறையில் வைத்து, கொய்யாவும் ஊறிய பயறும் இட்டு, ஒரு சொல்லும் பழக்காமல் வளர்த்தோம். சிறகு வலுத்த பின், கூட்டம் மரத்தில் வந்தடையும் ஒரு மாலை கதவைத் திறந்துவிட்டோம். இருமுறை கிணற்றடி மதிலில் அமர்ந்து, மூன்றாம் முறை போயிற்று.

மாணவன் முகம் சுருங்கி நின்றான். "அப்ப உங்கட கிளி தனியத்தானே சேர் இருக்கும்?"

மறுமொழி கிடைக்கவில்லை. மாலையிற் கட்டுரைக் கொப்பிகள் திருத்தும் மேசையை இப்போது விறாந்தையில், கூண்டருகே போட்டிருக்கிறோம்.