கேட்கப்படுபவர் யார்?

தமிழில் ‘பொறுப்பு’ என்கிறோம். பொறுத்தல், அதாவது சுமத்தல், என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. அரபு மொழியில் இதற்கு வழங்கும் ‘மஸ்ஊலிய்யத்’ என்னும் சொல்லோ வேறொரு வேரிலிருந்து கிளைத்தது. ‘சுஆல்’ என்றால் கேள்வி. ‘மஸ்ஊல்’ என்றால் கேட்கப்படுபவர். நம் இல்லங்களில் பெரியோர் ‘கேள்வி கணக்கு’ என்று சொல்லும்போது அவர்கள் நெஞ்சில் இருப்பது இந்த இரண்டாவது பொருளேயாகும். பெரும்பாலான காரியங்களில் சுமப்பவரும் கேட்கப்படுபவரும் ஒருவராகவே இருப்பர். வண்டியோட்டுபவர் பயணிகளைச் சுமக்கிறார். விபத்து நேர்ந்தால் அவரே கேட்கப்படுகிறார். ஆனால் சுமந்தவர் மாண்டுபோய், கேட்பதற்கு ஆளே இல்லாமற் போகும் காரியங்களும் உண்டு. ஆழ்நீர் முக்குளிப்பு அவற்றுள் ஒன்று.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களை நாம் அறிவோம். கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் அது. கல்லைக் காலில் பிணைத்து மூச்சடக்கி இறங்குபவர் ஒருவர். படகிலிருந்து கயிற்றைப் பிடித்திருப்பவர் மற்றொருவர். அக்கயிற்றை மைத்துனர் கையிலேயே கொடுப்பார்கள், தன் சகோதரி கைம்பெண்ணாவதை அவர் பொறுக்கமாட்டார் என்று நம் கடற்கரைகளில் இன்றும் ஒரு பேச்சு வழங்குகிறது. அரபு வளைகுடாவிலும் இதே முறைதான். மூழ்குபவருக்கு ‘கவ்வாஸ்’ என்றும், கயிறு இழுப்பவருக்கு ‘ஸைப்’ என்றும் பெயர். இருவருக்கும் மேலே நாகுதா. கீழே ஒருவர் மாண்டால், கயிறு பிடித்தவரும் நாகுதாவும் ஊருக்கு முன் கேட்கப்படுவார்கள். கயிறு என்பது வெறும் கருவியன்று. அது பொறுப்பின் கண்காணும் வடிவம்.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காக்னான் ஆகிய இருவர், முதுகில் சுமக்கும் காற்றுக் கலத்திலிருந்து தேவைக்கேற்ப மூச்சிழுக்கும் கருவியை உருவாக்கினர். ‘ஸ்கூபா’ முக்குளிப்பு பரவியது அதன் பின்னரே. மனிதன் மீனைப்போல் தன் விருப்பப்படி நீந்தலானான். அன்றே கயிறும் அறுந்தது.

பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டரை எல்லையாக வகுத்துள்ளனர். அதற்கும் கீழே செல்வதற்குத் தனிப் பயிற்சியும் தனிக் கருவிகளும் வேண்டும். காரணம் எளிது. கடலில் 10 மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரைக் கடந்ததும் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப்போல் அறிவை மயக்கத் தொடங்கும். 66 மீட்டர் அளவில், நம்மை வாழவைக்கும் பிராணவாயுவே நஞ்சின் எல்லையைத் தொட்டு வலிப்பை உண்டாக்கக்கூடியதாகிறது. எனவே ஆழம் செல்பவர்கள் நைட்ரஜனைக் குறைத்து ஹீலியம் கலந்து சுவாசிக்கின்றனர், பிராணவாயுவையும் குறைக்கின்றனர். மிக ஆழத்துக்கெனக் கலந்த வாயு, மேற்பரப்பில் சுவாசித்தால் நினைவிழக்கச் செய்யுமளவு பிராணவாயு குறைந்தது. ஆகவே வெவ்வேறு ஆழத்துக்கு வெவ்வேறு கலங்கள். ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி வாயில் வைத்தால் அதுவே முடிவு. இத்துறையில் அவ்வாறு மாண்டவர்கள் உண்டு.

இதனினும் கொடியது திரும்பி வருதல். அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த வாயு, விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் இரத்தத்தில் குமிழிடும். அதனால் சில நிமிடம் ஆழத்தில் இருந்தவர் பல மணி நேரம் படிப்படியாக நின்று நின்று ஏறவேண்டும். மேலே வானம் தெரிந்தாலும் தலைக்கு மேல் ஒரு கூரை இருப்பதாகவே கொள்ளவேண்டும். இந்நிலையில் தோழன் அருகிலிருந்தும் என்ன செய்துவிட முடியும்? ஆகவேதான் ‘உன் உயிருக்கு நீயே பொறுப்பு’ என்பது இத்துறையினரின் முதற்பாடமாயிற்று. முக்குளிக்குமுன் ஒரு தாளிலும் கையொப்பமிடுகின்றனர்: நேரும் எதற்கும் பயிற்சியாளரோ படகுக்காரரோ பொறுப்பாளியல்லர் என்று.

இப்பாடத்தில் உண்மை இருக்கிறது. அதனை நான் மறுக்கவில்லை. தன் கலத்திலுள்ள வாயுவைப் பிறர் அளந்து சொன்னாலும், தானே மீண்டும் அளந்து, எவ்வளவு ஆழம் வரை அதனைச் சுவாசிக்கலாம் என்பதைக் கலத்தின்மீது எழுதி ஒட்டிய பிறகே இறங்கவேண்டும் என்பது எத்துணை நல்ல ஒழுங்கு! பிறரை நம்பாமையன்று அது. தன் பங்கைப் பிறர்மேல் சுமத்தாமை. ஆனால் அந்தத் தாளும் கையொப்பமும் வேறு. உயிர் நமக்கு உடைமையன்று, அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவர், ‘இது அழிந்தாலும் எவரையும் கேட்கவேண்டாம்’ என்று எழுதிக்கொடுக்க உரிமையுடையவரா? நீதிமன்றத்தில் அத்தாள் செல்லலாம். மனச்சாட்சியின் முன் அது பயிற்சியாளரை விடுவிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புளோரிடாவில் ஷெக் எக்ஸ்லி என்னும் கணித ஆசிரியர் இருந்தார். நீர்க்குகைகளில் மாண்ட பலரின் உடல்களைத் தாமே மீட்டவர். ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்து, 1979இல் ஒரு சிறு நூல் எழுதினார். வழிகாட்டும் நூலிழையை வாயில்வரை தொடர்ச்சியாக விடாமை, வாயுவில் மூன்றில் இரு பங்கைத் திரும்புவதற்கென வைக்காமை, அளவுக்கு மீறி ஆழம் செல்லுதல் ஆகிய மூன்றையுமே பெருங்காரணங்களாகக் கண்டார். மாண்டவர்களைக் கேட்க முடியாதபோது, அவர்கள் விட்டுச்சென்ற கலங்களையும் இழைகளையும் கேட்டவர் அவர். அந்நூலால் உயிர் பிழைத்தோர் பலர் இருப்பர். அவரே 1994 ஏப்ரல் 6ஆம் நாள் மெக்சிகோவின் ஸக்கத்தோன் என்னும் ஆழ்கிணற்றில், 260 மீட்டருக்கும் கீழே மாண்டார். மூன்றாவது காரணத்தை எழுதிய கை அவருடையதே. இதனைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. அறிதல் ஒன்று, தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் மற்றொன்று. தன்னைத் தானே கேட்டுக்கொள்பவர், தமக்கு உவப்பான விடையையே பெறும் அபாயம் எப்போதும் உண்டு.

இனி, இக்கேள்வியை முழு வடிவில் நம்முன் நிறுத்தும் நிகழ்ச்சிக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுநிலத்தில், பூஸ்மன்ஸ்காட் என்னும் நீர்க்குகை இருக்கிறது. மேலே சிறு குட்டைபோல் காணப்படும். உள்ளே 270 மீட்டருக்கு மேல் ஆழம். நம் மீனவர் கணக்கில் 150 பாகம். 1994 டிசம்பரில் அங்கு குழுவாக முக்குளித்த 20 வயது இளைஞர் ஒருவர், மேலேறும் வழியில் நினைவிழந்து அடியில் போய்விட்டார். பத்தாண்டுகள் அவருடல் கிடைக்கவில்லை. 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியரான டேவ் ஷா என்பவர் அக்குகையின் அடித்தளம் வரை சென்றபோது, அவ்வுடலைக் கண்டார். அதை எடுத்துவந்து பெற்றோரிடம் சேர்ப்பதாக அவரே முன்வந்தார். 2005 ஜனவரி 8ஆம் நாள் மீண்டும் இறங்கினார்.

ஷா விமானமோட்டி. ஒரு விமானத்தில் துணை ஓட்டுநர் இருக்கிறார். கீழே கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறது. பரிசோதிக்கும் அதிகாரிகள் இருக்கின்றனர். தம் தொழிலில் நாள்தோறும் கேட்கப்பட்டுப் பழகியவர், குகைக்குள் எவராலும் கேட்கப்படாத நிலைக்குத் தாமாகவே சென்றார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அவர் ஏனோதானோவென்று இறங்கியவர் அல்லர். வெவ்வேறு ஆழங்களில் துணைவர்கள் நின்றனர்; போலீஸ் முக்குளிப்பவர்களும் இருந்தனர்; அழுத்த அறை ஒன்றும் கொண்டுவரப்பட்டிருந்தது. அடித்தளத்தில் ஐந்தே நிமிடம். அதற்குள் உடலைப் பையிலிட வேண்டும் என்பது திட்டம்.

உடல் சேற்றில் புதைந்து எலும்புக்கூடாக இருக்கும் என எண்ணியிருந்தனர். அதுவோ சிதையாமல், சோப்புக் கட்டிபோல் மாறி, தொட்டதும் மிதந்து புரண்டது. தலைக்கவசத்தில் காமிரா பொருத்தியிருந்ததால், வழக்கம்போல் கைவிளக்கைக் கழுத்தின் பின்புறம் மாட்டிக்கொள்ள ஷாவால் இயலவில்லை. விளக்கின் கம்பியில் இழை சிக்கியது. 27 மடங்கு அழுத்தத்தில் வாயு கனத்துவிடுகிறது; மூச்சுவிடுவதே உழைப்பாகிறது. சிக்கலை விடுவிக்க முயன்ற அந்தச் சிறு உழைப்பில் கரியமிலவாயு அவருடலில் மிகுந்து, மயங்கி, அங்கேயே மாண்டார். காமிரா அனைத்தையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

அவருடைய தோழர் டான் ஷெர்லி 220 மீட்டரில் அவரைச் சந்திக்க வேண்டியவர். கீழே ஷாவின் விளக்கொளி அசையாமல் நிற்பதைக் கண்டு, மேலும் இறங்கினார். 250 மீட்டர் அளவில், அழுத்தம் தாங்காமல் அவருடைய சுவாசக் கருவியின் கட்டுப்பாட்டுப் பகுதி உடைந்தது. அதன்மேல் பிராணவாயுவைத் தம் கையாலேயே அளந்து செலுத்திக்கொண்டு திரும்பினார். உட்செவியில் வாயுக்குமிழ் தாக்க, தலைசுற்றலோடும் வாந்தியோடும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீரிலேயே கழித்துக் கரை சேர்ந்தார். உடற்சமநிலைக் குறைபாடு அவரை விட்டு நீங்கவில்லை. நான்கு நாள்கள் கழித்துக் கருவிகளை மீட்க இறங்கியவர்கள், ஷாவின் உடல் தானாக மேலேறி வந்திருக்கக் கண்டனர். அவருடைய இழையில் சிக்கி அந்த இளைஞரின் உடலும் உடன் வந்திருந்தது.

இங்கே கேட்கப்படுபவர் யார்? மகனின் உடலை விரும்பிய பெற்றோரா? தாய் தந்தையின் ஆவலைக் குற்றமென்பார் எவரும் இலர். எனினும், இறந்தவருக்குச் செய்யும் கடமை உயிரோடிருப்பவரின் உயிரை விலையாகக் கேட்கக் கூடாது என்பதில் நம் சட்ட அறிஞர்களின் போக்கு தெளிவானது. கப்பலில் இறந்தவரைக் கரை சேர்க்க இயலாவிடில், குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்திக் கடலிலேயே விட்டுவிட அனுமதித்துள்ளனர். மையித்தை மதிக்கும் சமுதாயமே அவ்வாறு அனுமதித்தது என்பது சிந்திக்கத்தக்கது. ஷாவின் நெஞ்சம் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் அவ்வாறு சென்றது சரியென்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

‘தம் உயிருக்குத் தாமே பொறுப்பேற்று இறங்கினார், மற்றவர்க்கு என்ன?’ என்பவர்கள் ஷெர்லியை மறந்துவிடுகின்றனர். மாள்பவர் தனியே மாள்வதில்லை. அன்பு கொண்டவர் ஒருவர் பின்தொடர்ந்து இறங்குவார். 2014இல் நார்வே நாட்டின் ப்ளூரா குகையில் பின்லாந்துக்காரர் இருவர் மாண்டபோதும், போலீசார் குகையை மூடிய பின்னரும், அவர்களுடைய தோழர்கள் அனுமதியின்றியே இறங்கி அவ்வுடல்களை எடுத்துவந்தனர். ஆகவே ஆழத்துக்குச் செல்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதாகச் சொல்வது கணக்கில் பிழை. தமக்காக இறங்கக்கூடியவர் எவரெவர் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். அவரைப் புகழ்பவர்களும், படமெடுப்பவர்களும், ஆழத்தின் கணக்கைச் சாதனைப் பட்டியலில் ஏற்றுபவர்களும் தத்தம் பங்குக்குக் கேட்கப்பட வேண்டியவர்களே. ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமையானது உண்டு. சமூகம் முழுவதன் மீதும் பொதுவாகக் கடமையானதும் உண்டு. முன்னது இருப்பதால் பின்னது நீங்கிவிடுவதில்லை.

நம் பிள்ளைகள் பலர் துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கின்றனர். விடுமுறையில் முக்குளிப்புப் பழகுவோரும் அவருள் இருக்கலாம். துபாயில் 2021ஆம் ஆண்டில் 60 மீட்டர் ஆழமுள்ள குளமொன்றையே கட்டிவிட்டனர். பொழுதுபோக்குக்கான எல்லைக்குள் நின்று நல்ல ஆசானிடம் பழகுவதில் தவறொன்றுமில்லை. நான் பேசுவது அதற்கும் அப்பாலுள்ள ஆழத்தைப் பற்றியே.

இத்துறையினரிடையே ஒரு மரபு உண்டு. எவரும், எந்த நேரத்திலும், எக்காரணத்துக்காகவும் முக்குளிப்பைக் கைவிடலாம். ஏன் என்று அவரைக் கேட்கலாகாது. படகேறும்போது மனம் சரியில்லை என்றாலும் போதும். பொறுப்பு என்பதே கேட்கப்படுதல் என்று தொடங்கினேன். இம்மரபோ கேள்வியையே விலக்குகிறது. முதலில் இது முரணாகத் தோன்றும். ஆனால் இளைஞன் ஒருவன் பன்னிரண்டு பேர் கூடி, பெரும்பணம் செலவாகி, கருவிகளெல்லாம் பூட்டிய பிறகு ‘நான் வரவில்லை’ என்று சொல்வதற்கு எத்துணை வெட்கப்படுவான்! அந்த வெட்கமே பலரைக் கீழே தள்ளுகிறது. இறங்குபவரை ஆயிரம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். திரும்புபவரை ஒன்றும் கேட்கலாகாது. அறுந்துபோன கயிற்றின் இடத்தில் மனிதர்கள் கட்டிய மற்றொரு கயிறாகவே இதனை நான் காண்கிறேன்.

ஷெர்லி திரும்பிய இடத்திலிருந்து ஷாவின் விளக்கு 20 மீட்டர் தொலைவு. இன்னும் சற்று இறங்கியிருக்கலாகாதா என்று கரையிலிருக்கும் நாம் அவரைக் கேட்பதற்கில்லை.