இதுவா விடுதலை?



கூட்டைத் திறந்து பறவையைப் பறக்கவிடுவதை விடுதலை என்போம். ஆனால், வெளியே துவக்கு காத்திருந்தால்?

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பெசன்ற் என்னும் பறவைகளை மாநில வேட்டை ஆணைக்குழுவே பண்ணைகளில் வளர்க்கிறது. கோழி இனத்தைச் சேர்ந்த இவை அந்நாட்டுக்கு உரியவையல்ல. 1880களில் சீனாவிலிருந்து ஒறிகன் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவை. விவசாய முறை மாறியதால், அங்கே தாமாகப் பெருகியவை அருகிவிட்டன. ஆகவே, பொரித்த குஞ்சுகளை வாங்கி, வலைக்கூடுகளில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரருக்காகத் திறந்துவிடுகிறார்கள். அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல்! குண்டுக்குத் தப்பியவற்றுள்ளும் பெரும்பாலானவை நரிக்கும் பருந்துக்கும் இரையாகி, அடுத்த வசந்தத்தைக் காண்பதில்லை. தாய்ச் சிறகை அறியாத குஞ்சுக்குப் பகையை யார் காட்டிக்கொடுப்பார்?

உணவுக்காகக் கொல்வதைத் திருச்சபை பாவமென்று சொல்லவில்லை. நாமும் முற்றத்துக் கோழியை அறுத்து உண்கிறோம். அங்கும் சுட்டதைச் சமைத்து உண்போர் பலர். ஆயினும், தேவையின்றி உயிர்களை வதைப்பது மனித மாண்புக்கே முரண் என 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. குஞ்சுகளோடு தாய்ப் பறவையையும் பிடிப்பதை உபாகமம் தடுக்கிறது. அற்ப விலைக்கு விற்கப்படும் குருவியையும் பரமபிதா மறப்பதில்லை என்றார் யேசு.

வளர்த்த கைக்கு ஒரு கடமை உண்டு. அது தூரதேசத்தவருக்கு மட்டுமா? கோழிக்குஞ்சின் காலில் நூல்கட்டி இழுக்கும் நம் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோமா, தடுக்கிறோமா? இன்றிரவு செபமாலை முடிந்ததும், பிள்ளைகளோடு இதைப் பேசுங்கள்.