மரப்பொந்தில் இருந்த சுவடி



திருத்தணி மலைக்கு ஏறும் படிகள் 365. ஆடிக் கிருத்திகையன்று தமிழரும் தெலுங்கரும் அவற்றில் தோளோடு தோள் உரசி ஏறுவர். அவ்வூர் இரயில் நிலையத்து இருக்கையில், முன்பின் அறியாத ஒருவர் எடுத்துப் படிக்கட்டும் என்று ஒரு நூலை வைத்துவிட்டு வருவது சாத்திர தானம் ஆகுமா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்கும் வினா.

அமெரிக்க நாட்டில் இவ்வழக்கம் 2001இல் ஓர் இயக்கமாகத் தொடங்கிப் பல நாடுகளிலும் பரவியது. நமக்கோ இது பழஞ்செய்தி. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் தானத்திற்கு நால்வரை எடுத்துக்காட்டுகிறார். சாத்திர தானத்திற்கு உரியவன் கௌண்டேசன். அந்நூலுக்குப் பிரபாசந்திரர் வகுத்த உரை அவன் முற்பிறவிக் கதையைக் கூறுகிறது. கோவிந்தன் என்னும் ஆயன் காட்டில் ஒரு மரப்பொந்தில் பழஞ்சுவடி ஒன்றைக் கண்டெடுத்தான். பத்தியுடன் பூசித்துப் பத்மநந்தி முனிவருக்கு வழங்கினான். மறுபிறவியில் அவனே துறவு பூண்டு, ஆகமம் முற்றும் உணர்ந்த கௌண்டேச முனிவனானான். அதற்கு முன்னரும் முனிவர் சிலர் அக்காட்டில் அதே சுவடியைக் கொண்டு அறம் உரைத்து, மீண்டும் அப்பொந்திலேயே வைத்துச் சென்றனராம். கவனியுங்கள்! அடுத்து வருபவர் யாரென அவர்கள் அறியார். ஆயினும் வைத்துச் சென்றனர்.

கன்னட நாட்டு அத்திமப்பை 10ஆம் நூற்றாண்டில் பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதையும் நாம் அறிவோம்.

ஆனால், இருக்கையில் கிடக்கும் ஆகமநூல் காலில் மிதிபட்டால்? சுண்டல் மடிக்கக் கிழிபட்டால்? அது ஞானத்திற்கு அவிநயம் அன்றோ எனப் பெரியோர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே பூசைக்குரிய நூல்களையும் வீட்டுப் பரணில் உள்ள ஏட்டுச்சுவடிகளையும் அங்கே கொண்டு செல்லற்க. சுவடிகள் காப்பகத்திற்கு உரியவை. நாலடியார் உரைநூல், அறநெறிச்சாரம், சிறுவர் கதைநூல் இவை போதும். உறையிட்டு, 'படித்தபின் பிறர்க்கு வைக்கவும்' என எழுதி, தேநீர்க் கடைக்காரர் இசைந்தால் அவர் பலகைமேல் வையுங்கள். மலைப்படிகளில் வேண்டா, அது பிறர் வழிபடும் இடம்.

இன்னொன்று. 'உபயம்' என்று நம் பெயரை அச்சிடாமல் கொடுக்க நமக்கு மனம் வருமா? எனக்கே அது எளிதாக இல்லை. பொந்தில் வைத்தவர் பெயரைக் கதை சொல்லவில்லை.

திருத்தணி 1960 வரை ஆந்திரத்தில் இருந்த ஊர். தெலுங்கு நூல் ஒன்றையும் உடன் வைத்து வாருங்கள்.