கடைவாசலில் முழங்கால்

ஜெபிக்கிறவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன புத்தி. ஊர் பார்க்கத் தெருமுனையில் நின்று ஜெபிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த பாடம் இது. அப்படியிருக்க 1873 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஹில்ஸ்பரோ என்ற சின்ன ஊரில், வேதத்தைக் கரைத்துக் குடித்த பெண்கள் மதுக்கடை வாசலில் முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். அவர்கள் செய்தது ஜெபமா, மறியலா?

எங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்தக் கேள்வியைப் போட்டேன். "இரண்டும்தான், அதிலென்ன?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் முடியவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளுக்கு வேறு என்ன வியாதி வரும்?

டிசம்பர் 23 அன்று ராத்திரி ஹில்ஸ்பரோவில் ஒரு கூட்டம். பேசியவர் பாஸ்டன் டாக்டர் டையோ லூயிஸ். குடிகாரக் கணவனோடு மல்லுக்கட்டிய தன் தாய், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரனிடமே போய் ஜெபித்த கதையைச் சொல்லி, நீங்களும் செய்து பாருங்கள் என்றார். எலைசா தாம்ப்சன் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. வயது 57, கணவர் நீதிபதி, தகப்பனார் அந்த மாநிலத்தின் முன்னாள் கவர்னர். கூட்டத்துக்குப் போய்வந்த பிள்ளை சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரியும். "இதென்ன கோமாளித்தனம்" என்றாராம் நீதிபதி. ஆண்கள் இத்தனை காலம் கோமாளித்தனம் பண்ணியாயிற்று, கடவுள் இப்போது பெண்களைப் பண்ணச் சொல்கிறாரோ என்னவோ என்கிற மாதிரி பதில் சொன்னாராம் அந்த அம்மாள்.

காலையில் மகள் வேதாகமத்தைத் திறந்து கொண்டுவந்தாள். 146ஆம் சங்கீதம். ஆளுகிறவர்களை நம்பி இருப்பதில் பயனில்லை, அவர்களும் ஒருநாள் மண்ணாய்ப் போகிறவர்கள்தான் என்ற கருத்து அதில் வருகிறது. கவர்னர் மகளுக்கு வந்து வாய்த்த சங்கீதத்தைப் பாருங்கள்! பிரஸ்பிடேரியன் ஆலயத்தில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்கள் தனியாக ஜெபித்தார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக, பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எழுபது சொச்சம் பேர்.

முதலில் மருந்துக்கடைகள். அந்தக் காலத்தில் மருந்து என்ற பெயரில் விஸ்கி அங்கேயும் விற்பனையானது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டவர்கள் உண்டு, போடாதவர்களும் உண்டு. அதன்பின் மதுக்கடைகள். உள்ளே விட்டால் உள்ளே ஜெபம். கதவைச் சாத்தினால் வெளியே நடைபாதையில். நாளைக்கும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், வரவும் செய்வார்கள். வாஷிங்டன் கோர்ட் ஹவுஸ் என்ற பக்கத்து ஊரில் இந்த அலை பரவி, சுமார் ஒரு வாரத்துக்குள் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. நியூ வியன்னாவில் வான் பெல்ட் என்ற கடைக்காரர் ஜெபிக்க வந்த பெண்கள் மேல் அழுக்குத் தண்ணீர் தெறிக்கும்படி வீசியடித்தார். அதே மனிதர் சில நாளில் மனம் மாறி, ஊரார் முன்னால் தன் சரக்கைத் தரையில் கொட்டினார். சாட்சிக் கூட்டங்களில் சொல்ல அருமையான கதை. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஹில்ஸ்பரோ மருந்துக்கடைக்காரர் டன்.

டன் கையெழுத்துப் போடவில்லை. பெண்கள் அவர் கடை முன்னால் மரச்சட்டம் அடித்து, கித்தான் போட்டு ஒரு கூடாரமே எழுப்பி ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். அவரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் ஒரு மனிதன் காலையில் கடை திறக்கும்போது, தன் பெயரைச் சொல்லி, தன் ஆத்துமாவுக்காக அழுகிற ஒரு கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் அவனுக்கு எப்படியிருக்கும்? கடவுளிடம் பேசுகிற சாக்கில் தன்னிடம் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று சில ஊர்களில் பெண்கள் பெயர் எழுதி வைத்தார்களாம். அந்த நோட்டுப் புத்தகம் வந்த இடத்தில் ஜெபம் போய்விட்டது என்பேன். மாட்டேன் என்று சொல்ல எதிராளிக்கு வழி விடுகிற வரைக்கும்தான் அது ஜெபம்.

அதே சமயம், ஜெபத்தை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்களுக்கு ஓட்டு இல்லை, கடைக்கு உரிமம் கொடுப்பதில் பேச்சும் இல்லை. குடித்துத் தீர்த்தவன் வீடு திரும்பும்போது அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா? சாத்திய கதவுக்குள்தானே அடி விழுந்தது?

இந்த விஷயத்தில் அவர்களுக்குப் பவுலின் துணை இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபை கேட்டபோது, சாப்பிடுவதில் தோஷமில்லை, ஆனால் பலவீனமான சகோதரன் அதனால் இடறுவான் என்றால் எனக்கு அந்த இறைச்சியே வேண்டாம் என்பதாக அவர் எழுதினார். இந்த இயக்கத்துக்கு அஸ்திவாரம் இதுதான். ஆனால் பவுல் விட்டுக்கொடுத்தது தன் தட்டில் இருந்ததை. ஹில்ஸ்பரோ பெண்கள் விடச் சொன்னது டன்னின் பிழைப்பை. இரண்டும் ஒன்றல்ல.

அவர்கள் தங்கள் பங்குக்கு விட்டது திருவிருந்துப் பாத்திரத்தில் இருந்தது. 1874 நவம்பரில் கிளீவ்லாந்தில் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. திருவிருந்தில் புளித்த ரசம் கூடாது என்பதற்காக அது விடாமல் வாதாடியது. வழி ஏற்கெனவே கிடைத்திருந்தது: 1869இல் நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்வைத்தியர் திராட்சைச் சாற்றைப் போத்தலோடு சூடாக்கிப் புளிக்காமல் காக்கக் கற்றிருந்தார்.

இந்த வேலை எனக்குக் கைப்பழக்கம். எங்கள் ஆலயத்துக்கு ரசம் தயாரிப்பவள் நான். பன்னீர் திராட்சையைக் காம்பு கிள்ளிக் கழுவி, பிசைந்து, நன்றாகக் கொதி வந்தபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். கொதி காணாமல் இறக்கினால் பாளையங்கோட்டை வெயிலுக்கு மறுநாளே நுரை கட்டி மூடியைத் தள்ளும். அதனால்தான், வேதத்தில் நல்லவிதமாகச் சொல்லியிருப்பதெல்லாம் புளிக்காத சாறு, கண்டித்திருப்பது மட்டும் மது என்று அந்தக் காலத்து மதுவிலக்குப் பண்டிதர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடிவதில்லை. யூதேயாவில் திராட்சை அறுப்பு கோடையின் முடிவில். பஸ்கா வசந்தத்தில். அரை வருஷம் எந்தச் சாறு புளிக்காமல் இருந்தது? கானாவூர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிப்புக்காரன் ருசி பார்த்து மெச்சியது திராட்சை ஜூஸ் என்றால் அவன் என்ன விசாரிப்புக்காரன்! மது பாவம் என்று வேதத்தை வளைக்க வேண்டியதில்லை. குடியை விட்டு ஆறு மாதமான ஒருவர் எங்கள் பீடத்தண்டையில் முழங்காலில் நிற்கிறார். அவருக்காக நான் அடுப்புத் தீயைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன். எனக்கு அந்தக் காரணம் போதும்.

1879இல் பிரான்சிஸ் வில்லார்ட் தலைவியானதும் அந்த மதுவிலக்குச் சங்கம் ஓட்டுரிமை பக்கம் திரும்பியது. கடைக்காரன் மனம் மாறக் காத்திருப்பதைவிடச் சட்டத்தை மாற்றுவது நிச்சயம் என்ற கணக்கு. அதைத் தப்பு என்று யார் சொல்வது? மூடிய கடைகள் பல, ஜெபக்கூட்டம் கலைந்ததும் திறந்துகொண்டனவே. 1919 ஜனவரியில் மதுவிலக்கு அரசியல் சாசனத்தில் ஏறியது; 1933 டிசம்பரில் இறங்கியது. எலைசா அம்மாள் 1905இலேயே காலமாகிவிட்டார். ஆளுகிறவர்களை நம்பாதே என்ற சங்கீதத்தோடு புறப்பட்ட ஊர்வலம் சட்டப் புத்தகத்தில் போய் முடிந்ததற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க ஆசை.

இதையெல்லாம் எங்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னபோது, நாமும் டாஸ்மாக் வாசலில் முழங்கால் போடலாமே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். யார் முன்னால் என்றேன். டன்னுக்கு முகம் இருந்தது, மனம் மாறினால் பூட்டைப் போட அதிகாரம் இருந்தது. இங்கே 2003 முதல் சில்லறை விற்பனையே அரசாங்கத்தின் கையில். கடையில் நிற்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சூப்பர்வைசர். அவர் ரட்சிக்கப்பட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார், கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும்.

"அப்போ சாவி யார்கிட்ட இருக்கோ அங்க போவோம்க்கா. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்கல்ல?"

வேன் பேசுவது அவள் பொறுப்பு. மனு எழுதுவது என் தலையில் விழுந்திருக்கிறது.