காண்பதா? கைக்கொள்வதா?

அழகு மனிதனைத் தேடவைக்கிறது. தேடிக் கண்டடைந்தபின் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் உள்ளம் வெளிப்படுகிறது. கண்டதை வியந்து அதன் இடத்திலேயே விட்டுவருபவன் உண்டு. வேரோடு பெயர்த்துத் தன் முற்றத்திற்குக் கொண்டுவந்தாலன்றி நிறைவடையாதவனும் உண்டு. இருவருமே அழகை நேசிப்பதாகச் சொல்கின்றனர். இருவருடைய நேசமும் ஒன்றுதானா? இக்கேள்வியைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க, தொலைதூர மலைகளில் பூக்கும் ஒரு சிறு மலரின் வரலாறு நமக்குத் துணைசெய்கிறது.

டாஃபடில் என்னும் பெயர் நம்மில் பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமானது. 1807இல் வேர்ட்ஸ்வொர்த் வெளியிட்ட கவிதையை ஆங்கிலப் பாடமாக மனப்பாடம் செய்து ஒப்பித்த தலைமுறைகள் நம் நாட்டில் பல. அம்மலரைக் கண்ணால் காணாமலே அதன் புகழைப் பாடியவர்கள் நாம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கவிஞரும் அவருடைய தங்கை டாரதியும் கண்ட காட்சி அது. ஈராண்டுகள் நினைவில் கிடந்து பின்னரே கவிதையாகக் கனிந்தது.

ஆனால் இம்மலர்க் குடும்பத்தின் உண்மையான தாயகம் இங்கிலாந்து அன்று. ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில்தான் இதன் இனங்கள் மிகுதியாக உள்ளன. வடக்கே பிரனீசு மலைத்தொடரும் பீகோசு தெ எவுரோப்பா மலைகளும், தெற்கே சியரா நெவாடாவும் கசோர்லா மலைகளும் இவற்றின் இயற்கை இல்லங்கள். பனி உருகி வழியும் ஓடைக்கரைகளிலும், பாறை இடுக்குகளிலும், மேய்ச்சல் நிலங்களிலும் இவை பூக்கின்றன. பூங்காவில் நாம் படங்களில் பார்க்கும் பெருமலர்களைப் போன்றவை அல்ல இவை. சில இனங்கள் ஒரு சாண் உயரமும் எட்டுவதில்லை. அவற்றைக் காண விரும்புவோர் பல மணி நேரம் மலையேறவேண்டும். இறுதியில் மண்டியிட்டுத் தலைகுனியவும் வேண்டும்.

இவ்வினங்களுள் ஒன்றின் கதை தனிச் சிறப்புடையது. நார்சிசசு சிக்லமினியசு என்பது அதன் அறிவியற் பெயர். மஞ்சள் நிறக் குழல் ஒன்று நிலத்தை நோக்கித் தொங்க, இதழ்களோ அஞ்சிய குதிரையின் காதுகளைப் போல் பின்னோக்கி மடிந்து நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வெளிவந்த மலர்ப் படநூலில் இதன் உருவம் வரையப்பட்டிருந்தது. பின்னர் நெடுங்காலம் எவரும் இதைக் கண்டதாகச் செய்தி இல்லை. இம்மலர்க் குடும்பத்தை நன்கு ஆராய்ந்த வில்லியம் ஹெர்பர்ட் என்பார், இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த குருவும் ஆவார். 1837இல் தாம் வெளியிட்ட பெருநூலில் இப்படத்தை நகைத்து ஒதுக்கினார். இது அபத்தமான கற்பனை, இத்தகைய மலர் ஒருபோதும் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை என்பது அவருடைய தீர்ப்பு. ஐம்பது ஆண்டுகளுக்குள் தீர்ப்பு பொய்த்தது. 1880களில், போர்த்துக்கல் நாட்டின் ஒப்போர்ட்டோ நகரில் வாழ்ந்த ஆல்பிரட் டெய்ட் என்னும் ஆங்கில வணிகர் வாயிலாக அம்மலர் மீண்டும் வெளியுலகிற்குத் தெரியவந்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக அம்மலர் எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. ஆண்டுதோறும் அதே ஓடைக்கரையில் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அறிஞர் அதனை மறுத்த அந்த வசந்தத்திலும் அது பூத்திருக்கும். ஆடு மேய்த்த சிறுவர்கள் அதைத் தாண்டி நடந்திருப்பர். அவர்களைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஞானிகளுக்கு மறைக்கப்பட்டவை சிறியோருக்கு வெளிப்படுத்தப்படுவது குறித்து ஆண்டவர் தம் தந்தையைப் போற்றியதை இது நமக்கு நினைவூட்டுகிறது. நம் அறிவின் எல்லை படைப்பின் எல்லை ஆகாது. நாம் ஒப்புக்கொண்டால்தான் ஒன்று இருக்கும் என்று எண்ணுவது அறிவின் செருக்கு.

அவ்வாறெனில், காண்பார் எவருமின்றிப் பூத்த அத்தனை வசந்தங்களும் வீணா? மனிதனே எல்லாவற்றிற்கும் அளவுகோல் என்பவர் வீணே என்பார். ஆனால் புனித தோமா அக்குவினாசு வேறு வகையில் சிந்திக்கக் கற்பித்தார். இறைவனின் நன்மைத்தனத்தை எந்த ஒரு படைப்பும் தனித்து நிறைவாக எடுத்துக்காட்ட இயலாது. ஆகவேதான் இறைவன் பலவற்றையும் பல வகையாகவும் படைத்தார். ஒன்றில் குறைவுபடுவதை மற்றொன்று நிறைவுசெய்கிறது என்பது அவருடைய விளக்கம். அப்படியானால் மறைவான ஓடைக்கரையில் தலைகவிழ்ந்து பூக்கும் மலரும் இறைவனைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது; அதை வேறெந்த மலரும் சொல்ல முடியாது. தொடக்கநூலில், மனிதன் தோன்றுமுன்பே படைப்பு நல்லது என்று இறைவன் கண்டார். நம் பார்வைக்கு முன்பே அதன்மேல் ஒரு பார்வை விழுந்திருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், நம்மால் அழிந்துபோகும் உயிரினங்கள் தம் இருப்பினால் இறைவனுக்கு மகிமை அளிப்பது இனி நின்றுபோகும் என்று வருந்தியது இக்கருத்தில்தான்.

கதையின் மறுபாதி துயரமானது. மறுக்கப்பட்டிருந்த காலமெல்லாம் காப்பாக இருந்த மலருக்கு, அறியப்பட்ட நாள் முதல் ஆபத்து தொடங்கியது. 'டாஃபடில் அரசர்' எனப் பெயர்பெற்ற பீட்டர் பார் போன்ற நாற்றுப்பண்ணை வணிகர்கள் முதிய வயதிலும் ஸ்பெயின், போர்த்துக்கல் மலைகளில் அலைந்து, மறைந்துபோன இனங்களைத் தேடினர். அவர்களுடைய ஆர்வத்தையும் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அத்தேடலைத் தொடர்ந்து, வெங்காயம் போன்ற அதன் கிழங்குகள் மலைகளிலிருந்து பெருமளவில் தோண்டப்பட்டு, மூட்டைகளாகக் கப்பலேறின. விதையிலிருந்து முளைத்த செடி முதற்பூவைத் தர நான்கு, ஐந்து ஆண்டுகள், சில இனங்களில் அதற்கும் மேல் ஆகும். தோண்ட ஒரு நொடி போதும். ஓடைக்கரைகள் அழிவதும் இதனுடன் சேர, அம்மலர் அருகிவிட்டது. 1992இல் ஐரோப்பிய நாடுகள் இயற்றிய வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில் இம்மலரின் பெயரும் இடம்பெற்றது. இல்லை என்று அறிஞர் சொன்ன மலரை, இல்லாமற் செய்துவிடாதீர்கள் என்று சட்டம் சொல்ல நேர்ந்தது!

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தேடிச் சென்றவர்கள் இல்லையேல் அம்மலரை உலகம் அறிந்திருக்குமா? அதன் வழிவந்த ஒட்டினங்கள் இன்று எளியோர் வீட்டுச் சன்னலோரத்துத் தொட்டிகளிலும் மலர்கின்றனவே! மேலும், டாஃபடில் செடிகளிலிருந்து எடுக்கப்படும் கலந்தமின் என்னும் பொருள், நினைவிழப்பு நோயால் வருந்தும் முதியோருக்கு மருந்தாகிறதே! இம்மறுப்பில் உண்மை உண்டு. படைப்பைத் தொடவே கூடாது என்று விவிலியம் கற்பிக்கவில்லை. தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதன் அதில் வைக்கப்பட்டான். இரண்டு பணிகளும் ஒரே கட்டளையில் இணைந்துள்ளன. எங்கே கோடு கிழிப்பது என்பதற்கும் மறைநூலில் ஒரு வழிகாட்டுதல் உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம்; தாய்ப்பறவையை விட்டுவிடவேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். எடுக்கலாம், ஆனால் ஊற்றை அடைத்துவிடும்படி எடுக்கலாகாது. மலைச்சரிவில் ஒரு பிடி விதையைச் சேகரிப்பவன் குஞ்சை எடுத்தவன். கிழங்கைத் தோண்டிச் சரிவையே வெறுமையாக்குபவன் தாயையும் கொண்டுபோனவன்.

ஆயினும் அளவு மட்டுமே சிக்கல் அன்று. மனநிலையும் சிக்கலே. 1935இல் 'இருத்தலும் உடைமையும்' பற்றி நூலெழுதிய பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் கபிரியேல் மார்செல், உடைமை மனப்பான்மை உடையவனையே விழுங்கிவிடும் என்பதை நுட்பமாகக் காட்டினார். நாம் ஒன்றைக் கைப்பற்றுகையில் அதுவும் நம்மைப் பற்றிக்கொள்கிறது. அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அதன் அழகைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இம்மலரின் பெயரே ஓர் எச்சரிக்கை. நீரில் தன் உருவத்தையே கண்டு மயங்கி மாண்ட நார்சிசசு என்னும் இளைஞனை இப்பெயரோடு இணைக்கிறது கிரேக்கப் பழங்கதை. உரோமை அறிஞர் பிளினியோ, மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்கிறார். எது சரியாயினும் பொருள் ஒன்றை ஒன்று விளக்குகிறது: தன்னை மட்டுமே காண்பவன் மயக்கத்தில் இருப்பவன். பிறர் காணாத மலரைத் 'தன்னுடையது' என்று காட்ட விழைபவன் மலரைப் பார்க்கவில்லை. அதில் தெரியும் தன் முகத்தையே பார்க்கிறான்.

நம் மரபிலும் இதற்கு மாற்றான ஓர் உருவம் உண்டு. கொழுகொம்பின்றித் தவித்த முல்லையைக் கண்ட பாரி, அதைப் பெயர்த்துத் தன் அரண்மனையில் நடவில்லை. தன் தேரை அதனிடம் விட்டுவிட்டு நடந்துபோனான். அழகு இருந்த இடத்திலேயே இருந்தது, உடைமைதான் இடம்மாறியது.

இன்றும் வசந்தந்தோறும் பலர் அம்மலைகளில் காட்டு டாஃபடில்களைத் தேடிச் செல்கின்றனர். கசோர்லா மலைகளில் பூக்கும் ஓரினத்தைக் காத்திருந்து கவனித்த ஸ்பானிய ஆய்வாளர் கார்லோசு எரேரா, 1995இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குளிர் நீங்காத நாட்களில் வெயில் படும்போது, மலரின் உட்புறம் வெளிக்காற்றைவிட வெப்பமாகிறது. அக்குளிரிலும் அதை நாடிவரும் சிறு காட்டுத் தேனீக்களுக்கு அது கதகதப்பான இல்லமாகிறது. தோண்டி எடுத்துச் சென்றவனுக்கு இது தெரிந்திராது. அருகே அமர்ந்து காத்திருந்தவருக்குத் தெரிந்தது. அரிய மலரைக் கண்ட தாவரவியலார் பலர் அதன் சரியான இடத்தை வெளியிடுவதில்லை. உண்மையை மறைப்பது ஆகாதே என்று நாம் ஐயுறலாம். ஆனால் பலவீனமானதைக் காக்கும் மௌனம் பொய்யின் இனத்தைச் சார்ந்ததன்று. அது அன்பின் இனத்தைச் சார்ந்தது.

அன்பர்களே, மலரைப் பற்றிய இக்கேள்வி மனிதரைப் பற்றிய கேள்வியும் ஆகும். பிள்ளைகளிடம் மலரும் தனித்திறனைக் கண்டதும், அதைப் பிடுங்கி நம் கனவென்னும் தொட்டியில் நட்டுவிடத் துடிக்கிறோம். வாழ்க்கைத்துணையிடம் திருமணத்திற்குமுன் எதை விரும்பினோமோ அதையே பின்னர் அடக்கியாளப் பார்க்கிறோம். ஏழைக்கு உதவினால் அவன் நன்றியையும் நமது உடைமையாக எண்ணுகிறோம். நம் செபத்திலும்கூட, இறைவனைக் காண்பதைவிட அவரைக் கைவசப்படுத்துவதையே நாடும் வேளைகள் உண்டு. நேசிக்கிறோம் என்பது உண்மையே. ஆனால் தோண்டுகோலுடன் நேசிக்கிறோம்.

உயிர்ப்பு நாளின் விடியலில் ஒரு தோட்டத்தில் மகதலா மரியா அழுதுகொண்டு தேடினார். தம்முன் நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, உடல் எங்கே என்று சொன்னால் தாமே எடுத்துச்செல்வதாகக் கூறினார். எடுத்துச்செல்லும் அன்பு அது. பெயர்சொல்லி அழைக்கப்பட்டதும் அவர் கண்டுகொண்டார். உடனே தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டாம் என்ற சொல்லையும் கேட்டார். ஆண்டவர் அவரை விலக்கவில்லை, சகோதரர்களிடம் அனுப்பினார். பற்றிய கையை விட்டபோதுதான் அவர் "ஆண்டவரைக் கண்டேன்" என அறிவிக்கும் தூதரானார்.

தவக்காலத்தில் பூப்பதால் ஆங்கிலேயர் காட்டு டாஃபடிலைத் தவக்கால லீலி என்றும் அழைப்பர். அதன் வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை மண்ணுக்குள் இன்னும் ஆழமாக இழுத்துக்கொள்ளும் தன்மையுடையவை. பூ வாடி, இலை மடிந்து, ஒன்றுமே இல்லை என்று தோன்றும் மாதங்களில் அது ஆழத்தில் உயிரோடிருக்கிறது. காண்பவர் மீண்டும் வந்து காண, அது அங்கேயே இருக்கவேண்டும். நாம் நேசிப்பவர்கள், நம்மால் பெயர்க்கப்படாமல், இறைவன் நட்ட மண்ணில் வேரூன்றி வளர விடுவோமாக. காணக் கொடுத்துவைத்ததே நமக்குப் போதுமான செல்வம்.